காற்றில் வந்த குரல்கள் – 17: தகவல் சொன்ன தென்கச்சி

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் பொதுப்பேச்சு இரண்டு பெரிய களங்களில் வளர்ந்தது. ஒன்று பொதுக்கூட்ட மேடை, மற்றொன்று வானொலி நிலையத்தின் செய்தி அறை. அடுக்குமொழியும் எதுகை மோனையும் நிறைந்து, எதிரே கூடியிருப்போரின் கைதட்டலை வாங்கி வாங்கி உயரும் மேடைத் தமிழின் வரலாற்றில் ராயபுரம் ராபின்சன் பூங்காவுக்குத் தனியிடம் உண்டு. திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பரில் கொட்டும் மழைக்கிடையே அங்கேதான் நடைபெற்றது. செய்தி அறைத் தமிழோ இதற்கு நேர் எதிரானது. எழுதி ஒப்புதல் பெற்ற வாசகத்தை, வாசிப்பவரின் விருப்பு வெறுப்பு எதுவும் கலவாமல், ஒரே சீரான தொனியில் படிப்பதே அதன் இலக்கணம். 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விஸ்வநாதன் முதல், தில்லியிலிருந்து பல ஆண்டுகள் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி வரை, அந்த மரபின் பெயர்கள் தமிழ் வீடுகளில் உறவினர் பெயர்களைப் போலப் புழங்கின.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது பேச்சுமுறை ஒன்று, 1988 முதல் 2002 வரை சென்னை வானொலியின் காலை ஒலிபரப்பில் இடம்பெற்ற 'இன்று ஒரு தகவல்' என்ற சில நிமிட நிகழ்ச்சியின் வழியாகத் தமிழ்நாடு முழுவதற்கும் அறிமுகமானது. அதை வழங்கிய தென்கச்சி கோ. சுவாமிநாதன் மேடைப் பேச்சாளராகவோ, செய்தி வாசிப்பாளராகவோ, நடிகராகவோ உருவானவர் அல்லர். வேளாண்மை படித்துவிட்டு வயலில் இறங்கிய அவர், உழவர்களுக்கான ஒலிபரப்பின் மூலம் வானொலிக்குள் நுழைந்தவர். அவருடைய புகழுக்கு நகைச்சுவையைக் காரணமாகச் சொல்வதே வழக்கம் என்றாலும், அந்த நகைச்சுவைக்கு அடியில் இருந்த தொழில்முறை உழவர் ஒலிபரப்பில் பயின்றது என்பதையும், துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த வடசென்னை போன்ற நகர்ப்பகுதியில் அது எடுபட்டதற்கும் அதுவே காரணம் என்பதையும் இந்த அத்தியாயம் விளக்க முயல்கிறது.

சங்கத்திலிருந்து நிலையம் வரை

சென்னையில் ஒலிபரப்பு அரசுத் துறையாகத் தொடங்கவில்லை. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே மாதம் சென்னை மாகாண வானொலிச் சங்கம் அமைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் ஆற்றல் கொண்ட சிறு ஒலிபரப்புக் கருவியைக் கொண்டு நிகழ்ச்சிகள் ஒலிக்கத் தொடங்கின. வீட்டு விளக்கு ஒன்று எரியும் மின்னாற்றலைக் கொண்டு நகரத்தோடு பேசிய முயற்சி அது. பணமுடையால் 1927-இல் சங்கம் ஓய்ந்தபோது அதன் கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் மாளிகையிலிருந்து மாநகராட்சியே அன்றாட மாலை ஒலிபரப்பை நடத்தியது. வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த அக்காலத்தில், கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்து, நடந்து செல்வோரும் இசையும் உரையும் கேட்கும்படி மாநகராட்சி செய்தது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தனி நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தது.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கப்பட்டதும் மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் திருச்சிராப்பள்ளி நிலையம் பிறந்தது. 1954-இல் சென்னை நிலையம் மெரினா கடற்கரைச் சாலையிலுள்ள தன் சொந்தக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது.

நிலையம் வளர வளர அதன் தமிழ் இறுகியது. 'உரை' என்று அழைக்கப்பட்ட வானொலிப் பேச்சு, அறிஞர் ஒருவர் முன்கூட்டியே எழுதி அனுப்பி, நிலையத்தார் படித்துப் பார்த்து ஏற்ற பின்னர் ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்து வாசிக்கப்படுவது. கட்சிகளைப் பெயர் சொல்லித் தாக்குதல், சமயங்களைப் பழித்தல், மத்திய மாநில அரசுகளைப் பகைமையோடு விமர்சித்தல் முதலியவற்றைத் தடுக்கும் ஒலிபரப்பு நெறிமுறை ஒன்று பின்னாளில் வகுக்கப்பட்டபோது, எழுதிப் படிக்கும் வழக்கம் மேலும் உறுதிப்பட்டது. தேர்தல் காலத்தில் அரசியல் கட்சிகள் வானொலியில் பேச இடம் கிடைத்ததே 1977 நாடாளுமன்றத் தேர்தலின்போதுதான்.

எனினும் பேச்சுத் தமிழ் வானொலியிலிருந்து முற்றிலும் விலக்கப்படவில்லை. நாடகத்தில் பாத்திரங்கள் பேச்சு வழக்கில் உரையாடின. கூத்தபிரான் முதலியோர் 'வானொலி அண்ணா'வாக நடத்திய சிறுவர் நிகழ்ச்சியில் கொஞ்சுமொழிக்கு இடமிருந்தது. கிராம நிகழ்ச்சியில் ஊர்ப் பெரியவரைப் போன்ற கற்பனைப் பாத்திரங்கள் வட்டார வழக்கில் விதையையும் உரத்தையும் பற்றிப் பேசின. அதாவது, நடிகருக்கும் குழந்தைக்கும் உழவருக்கும் மட்டும் பேச்சுத் தமிழ் அனுமதிக்கப்பட்டிருந்தது. வளர்ந்த, படித்த, நகரத்து நேயரை நோக்கி ஒருவர் தம் சொந்தப் பெயரில் பேசும்போது எழுத்துத் தமிழே முறையாகக் கருதப்பட்டது. சுவாமிநாதன் கடந்தது இந்த எல்லையைத்தான்.

வடசென்னையும் மத்திய அலையும்

1970-களிலும் 1980-களிலும் சென்னை வானொலியின் முதன்மை அலைவரிசை மத்திய அலையில் 720 கிலோ ஹெர்ட்ஸில் ஒலித்தது. வினாடிக்கு 7,20,000 முறை அதிரும் மின்காந்த அலையின் மீது குரலின் ஏற்ற இறக்கங்களை ஏற்றி அனுப்பும் முறை இது. பண்பலையைப் போல நேர்கோட்டில் மட்டும் செல்லாமல், மத்திய அலை தரையை ஒட்டியே நெடுந்தூரம் பரவக்கூடியது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் நிலத்தைவிடக் கடல்மேல் இன்னும் தொலைவு செல்லும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கடலோரத்து மீனவர்களுக்கு இந்த இயற்பியல் உண்மை அன்றாட வாழ்க்கையோடு தொடர்புடையது. கட்டுமரத்திலும் விசைப்படகிலும் நெகிழித் தாளால் சுற்றி எடுத்துச் செல்லப்பட்ட சிறு டிரான்சிஸ்டர், கரை கண்ணுக்கு மறைந்த பின்னும் காற்று எச்சரிக்கையை அவர்களிடம் கொண்டுவந்தது.

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பொதுமக்கள் அறிந்துகொண்டதும் வானொலி வழியேதான். பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகளாகவும் இரவில் நிற விளக்குகளாகவும் ஏற்றப்படும் இந்தக் குறியீடு 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டது. முதலிரண்டு எண்கள் தொலைவில் உருவாகும் புயலையும், 3-உம் 4-உம் துறைமுகத்துக்கான எச்சரிக்கையையும், 5 முதல் 10 வரையுள்ளவை படிப்படியான அபாயத்தையும், 11 என்பது வானிலை நிலையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டதையும் குறிக்கும். நகரத்தின் மற்ற பகுதியினருக்குச் செய்தியின் கடைசி வரியாக இருந்த வானிலை அறிவிப்பு, இப்பகுதியினருக்குச் செய்தியின் முதல் வரி.

கடலோடு ஆலையும் சேர்ந்தது வடசென்னை. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமாக ராயபுரம் 1856-இல் திறக்கப்பட்டதிலிருந்தே இப்பகுதி வேலை தேடி வருவோரின் இறங்குதுறையாக இருந்தது. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிப் பின்னர் டயர் தொழிற்சாலையாக வளர்ந்த எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் 1948-இல் தொடங்கப்பட்டு லாரி, பேருந்துத் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற அசோக் லேலண்ட், 1950-களில் மோட்டார் சைக்கிள் உற்பத்தியைத் தொடங்கிய என்ஃபீல்டு, அவற்றை அடுத்து வந்த அனல்மின் நிலையம், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என வரிசையாக எழுந்த தொழிற்கூடங்களுக்குச் செங்கல்பட்டு, வடஆற்காடு, நெல்லூர் எனப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தனர். தெற்கிலிருந்து வந்த வணிகர்கள் மளிகைக் கடைகளும் மண்டிகளும் வைத்தனர். ஷிப்டு முறையில் நாளைப் பகுத்துக்கொண்ட இம்மக்களுக்குக் காலை வானொலி கடிகாரமாகவும் இருந்தது. பக்திப் பாடல் முடிந்தால் இன்ன மணி, தில்லிச் செய்தி முடிந்தால் இன்ன மணி என்று கணக்கிட்டே இரவு ஷிப்டு முடித்து வருவோருக்கு உலை ஏற்றுவதும், பகல் ஷிப்டுக்குப் போவோருக்குச் சாப்பாடு கட்டுவதும் நடந்தன. கிராமத்தை விட்டு வந்து ஒரு தலைமுறைகூட ஆகாத இந்த நேயர் கூட்டம், 'இன்று ஒரு தகவல்' பின்னர் பெற்ற வரவேற்பைப் புரிந்துகொள்ள முதன்மையான சான்று.

வயலுக்குச் சென்ற வானொலி

உழவர்களுக்கு வானொலி வழியே கற்பிக்க முடியுமா என்ற கேள்வி விடுதலைக்குப் பின் பெரிய அளவில் ஆராயப்பட்டது. 1956-இல் புனே நிலையத்தை மையமாகக் கொண்டு, யுனெஸ்கோவின் துணையுடன், சுமார் 150 சிற்றூர்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊருக்கு ஒரு குழுவாக அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்பது, கேட்டதைக் கூடிப் பேசுவது, பேசியதைச் செயலில் இறக்குவது என்பது அதன் திட்டம். ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினால் அடுத்த ஒலிபரப்பில் விடை கிடைக்கும். ஒருவழிப் பாதையான வானொலியை இருவழிப் பாதையாக்கும் இம்முயற்சி 1959-இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இதன் பலன் தஞ்சைத் தரணியில் தெரிந்தது. ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம் நாட்டு ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.டி.டி. 27, சுமார் 105 நாட்களில் விளையக்கூடிய குறுவைப் பருவ நெல். 1960-களின் நடுவில் இதைப் பரப்பும் பணியில் திருச்சி வானொலியின் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு முன்னின்றது. நாற்றங்கால் எப்போது விடுவது, எந்த உரத்தை எத்தனையாம் நாள் இடுவது என்று பருவத்தோடு ஒட்டி அது சொல்லிக்கொண்டே வந்ததால், உழவர்கள் அந்த ரகத்துக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் சூட்டிவிட்டனர். பசுமைப் புரட்சியின் நன்மை தீமைகள் பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் ஒரு பயிருக்கு ஒலிபரப்பின் பெயர் அமைந்தது, வானொலியை உழவர்கள் எவ்வளவு நெருக்கமாகக் கேட்டனர் என்பதற்குப் போதுமான சான்று.

'வீடும் வயலும்' முதலிய பெயர்களில் மாலைதோறும் ஒலித்த இந்நிகழ்ச்சிகளைத் தயாரிக்க, வேளாண்மை படித்தவர்களை வானொலி தனியாகப் பணியில் சேர்த்தது. ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்து, பயிரைப் பார்த்து, உழவரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் சொன்னதில் மற்ற உழவர்களுக்குப் பயன்படும் பகுதியை வெட்டி எடுத்து ஒட்டுவது அவர்கள் வேலை. அந்த வேலை மூன்று பாடங்களைக் கற்றுத்தந்தது. நாளெல்லாம் உழைத்துக் களைத்த மனிதர் மாலையில் கேட்கிறார் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு செய்திக்கு மேல் சொல்லக் கூடாது என்பது முதல் பாடம். அதிகாரி சொன்னால் ஐயப்படும் உழவர், பக்கத்து ஊர்க்காரர் சொன்னதாகச் சொன்னால் காது கொடுப்பார் என்பது இரண்டாவது. தமக்குத் தெரியாததைச் சொல்லித்தரும் தொனியில் பேசினால் யாராயினும் பெட்டியை அணைத்துவிடுவார் என்பது மூன்றாவது.

அதிகாரி, உழவர், ஊராட்சித் தலைவர்

சுவாமிநாதன் 1942-இல், கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்று அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள தென்கச்சிப் பெருமாள்நத்தத்தில் பிறந்தார். ஊர்ப்பெயரின் முற்பகுதியே பின்னாளில் அவரைக் குறிக்கும் பெயராகியது. வேளாண்மையில் பட்டம் பெற்று அரசு வேளாண் துறையில் அலுவலராகச் சேர்ந்த அவர், சில ஆண்டுகளில் அப்பணியை விட்டு விலகித் தம் ஊருக்கே திரும்பி, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் சொந்த நிலத்தில் பயிர் செய்தார்; அக்காலத்தில் ஐந்து ஆண்டுகள் ஊராட்சித் தலைவராகவும் இருந்தார். அரசு வேலையை விட்டு வயலுக்குத் திரும்புவது அன்றும் இன்றும் அரிதான முடிவு. ஆனால் ஒலிபரப்பாளர் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சியைத் திட்டமிட்டும் அளித்திருக்க முடியாது. வேளாண் அலுவலராக அறிவுரை சொல்லும் இடத்திலும், உழவராக அறிவுரை கேட்கும் இடத்திலும், ஊராட்சித் தலைவராக இரு தரப்புக்கும் நடுவே நிற்கும் இடத்திலும் அவர் இருந்துவிட்டார்.

1977-இல், முப்பத்தைந்து வயதை நெருங்கிய நிலையில், அவர் திருநெல்வேலி வானொலியின் பண்ணை இல்ல ஒலிபரப்பில் சேர்ந்தார். 1963 இறுதியில் தொடங்கப்பட்ட அந்நிலையம், தாமிரபரணிப் பாசனத்து நெல் வயலையும், கோவில்பட்டிக் கரிசலையும், தேரிக்காட்டுப் பனையையும், கடற்கரை ஊர்களையும் ஒருங்கே நேயர் பரப்பாகக் கொண்டது. கொள்ளிடக்கரைத் தமிழ் பேசியவர் நெல்லைத் தமிழ் கேட்டுப் பழகிய காதுகளுக்கு ஒலிபரப்ப வேண்டியிருந்ததால், எந்த வட்டாரத்துக்கும் அயலாகத் தோன்றாத, ஆயினும் ஏட்டுத் தமிழாகவும் ஆகிவிடாத ஒரு நடுவான பேச்சுமொழி அவருக்குத் தேவைப்பட்டது. ஏழு ஆண்டுப் பயிற்சியில் அது கைவந்தது. 1984-இல் அவர் சென்னை நிலையத்துக்கு மாற்றப்பட்டார்.

ஒரு தகவலின் கட்டமைப்பு

1988-இல் தொடங்கிய 'இன்று ஒரு தகவல்', பெயரளவில் எளிய பொதுஅறிவு நிகழ்ச்சி. மருத்துவக் குறிப்பு, விலங்குகளின் இயல்பு, பெரியோர் வாழ்க்கையில் நடந்தவை, முல்லா கதை, ஜென் கதை, கணவன் மனைவி உரையாடல் என அதன் உள்ளடக்கம் எங்கிருந்தும் வந்தது. அவற்றுள் பலவும் நூல்களிலும் இதழ்களிலும் படிக்கக் கிடைத்தவையே. அவருடைய ஆக்கம் கட்டமைப்பில் இருந்தது.

அந்தக் கட்டமைப்பைப் படிப்படியாகப் பிரித்துக் காணலாம். கோபத்தைப் பற்றிய தகவல் என்று வைத்துக்கொண்டால், அது கோபத்தின் தீமையைச் சொல்லித் தொடங்காது. யாரோ ஒருவர், பெரும்பாலும் பெயரில்லாத ஒருவர், யாரிடமோ ஒரு கேள்வி கேட்பதில் தொடங்கும். அடுத்து, உடலில் இதயத் துடிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன நேர்கிறது என்ற அறிவியல் செய்தி, கதைமாந்தர் ஒருவரின் வாய்வழியே, இரண்டே வரியில் வரும். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பி, நேயர் தலைப்பை மறந்திருக்கும் வேளையில், முதலில் கேள்வி கேட்டவரே அறிவுரைக்கு நேர்மாறாக ஏதேனும் செய்வார் அல்லது சொல்வார். அதோடு நிகழ்ச்சி முடிந்துவிடும். நீதி தனியாகச் சொல்லப்படுவதில்லை. கதை முடிந்த இடத்திலேயே பேச்சும் நின்றுவிடுவதால், சிரித்து முடித்த நேயரே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு செய்தி, பக்கத்து ஊர்க்காரர் வாயால் சொல்லுதல், ஆசிரியர் தொனியைத் தவிர்த்தல் என்ற உழவர் ஒலிபரப்பின் மூன்று பாடங்களும் இங்கே அப்படியே இருப்பதைக் காணலாம். விதை நெல்லின் இடத்தில் வாழ்க்கைச் செய்தி வந்திருக்கிறது, அவ்வளவே.

உபகதை சொல்லிக் கருத்தை நிறுவுவது தமிழில் புதிதன்று. கதாகாலட்சேபத்தில் அது நெடுநாள் மரபு. 1993-இல் மறைந்த கிருபானந்த வாரியார் அன்றாட நிகழ்வுகளையும் நகைச்சுவையையும் கலந்து பெருங்கூட்டங்களைக் கட்டிப்போட்டவர். ஆனால் வாரியாருக்கு எதிரே கூட்டம் இருந்தது. சிரிப்பொலி எழுந்து அடங்கும்வரை அவர் காத்திருக்க முடிந்தது. ஒலிப்பதிவு அறையில் அந்த வாய்ப்பு இல்லை. கதவு மூடி, சிவப்பு விளக்கு எரிந்ததும், ஒலியை விழுங்கும் துளைப்பலகைச் சுவர்களுக்கு நடுவே, கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் ஒலிப்பதிவாளரைத் தவிர யாரும் இல்லாத நிலையில் பேச வேண்டும். தாளைத் திருப்பும் சரசரப்பும் ஒலிவாங்கியில் பதிந்துவிடும். கணினி வராத அக்காலத்தில் பேச்சு, கால் அங்குல அகலக் காந்த நாடாவில், வினாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் பதிவானது. ஒரு நிமிடப் பேச்சு ஏறத்தாழ பதினொரு மீட்டர் நாடா. வேண்டாத இருமலையோ தடுமாற்றத்தையோ நீக்க வேண்டுமானால், நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி இடத்தைக் கண்டுபிடித்து, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைக்க வேண்டும்.

கைதட்டல் இல்லாத இந்த அறையில் சுவாமிநாதன் கண்டடைந்த உத்தி, தாம் சிரிக்காமலிருப்பது. நகைச்சுவை வரும் இடத்திலும் குரல் உயர்வதில்லை, வேகம் கூடுவதில்லை. அடுத்த வீட்டுச் செய்தியைச் சொல்வது போன்ற தட்டையான தொனியிலேயே முடிவு வாக்கியமும் வரும். 'சிரியுங்கள்' என்று குரலால் கட்டளையிடாத அந்தத் தொனி, சிரிக்கும் உரிமையைக் கேட்பவரிடமே விட்டுவைத்தது. பலகுரல் கலைஞர்கள் மேடைகளில் அவர் குரலை எடுத்துக்காட்டத் தொடங்கியபோது, ஏற்ற இறக்கமில்லாத குரலும் அடையாளம் காணத்தக்கதாக இருக்க முடியும் என்பது புலனாயிற்று.

அரசு ஊடகத்தின் கட்டுப்பாடுகளும் அவர் பாணியை வடிவமைத்தன. கட்சியையோ சாதியையோ சமயத்தையோ பெயர் சொல்லிக் கேலி செய்ய முடியாத இடத்தில், கேலிக்கு ஆளாக ஒருவர் வேண்டும் என்றால், அவர் பெயரில்லாத 'ஒருத்தர்' ஆக இருக்கலாம், அல்லது பேசுபவர் தாமாகவே இருக்கலாம். சுவாமிநாதன் இரண்டையும் கையாண்டார். யாரையும் புண்படுத்தாத நகைச்சுவை என்று அவருக்குக் கிடைத்த பாராட்டில் அவருடைய இயல்புக்கு ஒரு பங்கும், நெறிமுறை விதித்த எல்லைக்குள்ளேயே வழி தேடிய தொழில்திறனுக்கு ஒரு பங்கும் உண்டு.

ராயபுரம் போன்ற பகுதிகளில் இந்நிகழ்ச்சி எப்படிக் கேட்கப்பட்டது என்பதும் கவனத்துக்குரியது. உரை நிகழ்ச்சியைக் கேட்கத் தனிமையும் அமைதியும் வேண்டும். 'இன்று ஒரு தகவல்' தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும், வேலைக்குக் கிளம்பும் அவசரத்துக்கு நடுவே வீட்டிலும், பலர் சேர்ந்து கேட்கத்தக்கதாக இருந்தது. நடுவில் ஒரு வரி காதில் விழாமல் போனாலும் கதை கைநழுவாது. முடிவு வரியைக் கேட்டவர் அதைக் கேட்காதவரிடம் வேலைக்கிடையே திருப்பிச் சொல்லவும் முடியும். கேட்டதைக் கூடிப் பேசுதல் என்று உழவர் மன்றங்களுக்கு வகுக்கப்பட்ட திட்டம், யாரும் திட்டமிடாமலே ஆலை வாசலில் நடந்தது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு, ஊர்ப் பெரியவர் ஒருவரின் சாயல் கொண்ட அக்குரல் அயலாகத் தோன்றவில்லை. நகரத்திலேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கோ, பாடநூல் தமிழாகவும் திரைப்பட வசனமாகவும் இல்லாத பேச்சுத் தமிழை ஊடகத்தில் மரியாதையோடு கேட்கும் வாய்ப்பாக அது அமைந்தது.

திரைக்கு வந்த குரல்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது, அது வானொலியின் தங்கையாகவே வளர்ந்தது. 'வயலும் வாழ்வும்' உழவர் ஒலிபரப்பின் ஒளி வடிவம். ஷோபனா ரவி முதலியோர் வாசித்த செய்தியும் வானொலிச் செய்தியின் இலக்கணத்தையே பின்பற்றியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தபின் நிலைமை மாறியது. தெருவுக்குத் தெரு கேபிள் கம்பிகள் கம்பம் தாண்டி ஓடின. திரைப்படப் பாடலும் நெடுந்தொடரும் நேயர் தொலைபேசி உரையாடலுமாக, அசைவும் நிறமும் நிறைந்த ஊடகம் வீட்டுக்குள் வந்தது.

இந்தப் பரபரப்புக்கு நடுவே சன் தொலைக்காட்சியில் 'இந்த நாள் இனிய நாள்' என்ற சிறு நிகழ்ச்சியை சுவாமிநாதன் வழங்கினார். வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்வோர் பொதுவாக முகபாவத்தையும் கையசைவையும் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். பழகாதவர்கள் திரையில் எடுபடாமல் போனதும் உண்டு. அவரோ எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. வானொலியில் சிரிக்காத குரல், தொலைக்காட்சியில் சிரிக்காத முகமாயிற்று. கதை சொல்லும் மனிதரை நேரே பார்த்துக்கொண்டிருப்பது தவிரக் காட்சியில் வேறு வேலை இல்லை. அவர் கண்களிலும் உதட்டோரத்திலும் முடிவை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும் குறிப்பு ஏதும் இல்லாததால், பார்வையாளர் கவனம் சொல்லிலேயே நின்றது. காட்சி ஊடகத்தில் காட்சியைக் குறைப்பதன் மூலம் கவனத்தை ஈர்க்கலாம் என்பதற்கு இது தமிழ்த் தொலைக்காட்சி வரலாற்றில் நல்ல எடுத்துக்காட்டு. அறிந்த முகமான பின், சில திரைப்படங்களிலும் சிறு வேடங்களில் அவர் தோன்றினார்.

புகழும் அதன் எல்லையும்

சென்னை வானொலியின் உதவி நிலைய இயக்குநராக உயர்ந்திருந்த அவர் 2002-இல் ஓய்வு பெற்றார். பதினான்கு ஆண்டுகள் ஒலித்த 'இன்று ஒரு தகவல்' அந்த ஆண்டோடு முடிவடைந்தது. 1997-இல் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்துவிட்ட வானொலி, அதற்குள் வேறொரு போட்டியின் விளிம்பில் நின்றது. அடுத்த ஆண்டே சூரியன், மிர்ச்சி முதலிய தனியார் பண்பலைகள் சென்னையில் ஒலிக்கத் தொடங்கின. வேகமும் உற்சாகமும் மிகுந்த இளம் தொகுப்பாளர்களின் பேச்சு, நகரத்தின் புதிய காலைக் குரலானது. சுவாமிநாதனின் தகவல்கள் பல தொகுதிகளாக நூல் வடிவம் பெற்றுத் தொடர்ந்து விற்பனையாகின. 2009 செப்டம்பர் 16 அன்று அவர் சென்னையில் காலமானார்.

அவருடைய பணியை மதிப்பிடும்போது அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். தகவலின் மூலம் எதுவென்று பெரும்பாலும் சொல்லப்படாததால், ஆய்ந்தறிந்த உண்மையும் வாய்வழிக் கதையும் நேயர் நினைவில் ஒரே தரத்தில் பதிந்தன. மனைவிக்கு அஞ்சும் கணவன் போன்ற வழக்கமான நகைச்சுவை அச்சுகள் அடிக்கடி வந்தன. அவை அன்றைய இதழ்களின் பொதுச் சொத்து என்றாலும், அவற்றுக்கு வானொலியின் ஏற்பும் சேர்ந்துகொண்டது. வேலைநிறுத்தமும் கதவடைப்பும் வடசென்னை ஆலைகளை உலுக்கிய ஆண்டுகளிலும், அந்தத் தொழிலாளர்கள் காலையில் கேட்ட குரல் தனிமனித ஒழுக்கத்தைப் பற்றியே பேசியது. அரசு ஊடகத்தில் வேறு வழியில்லை என்பது விளக்கமாகுமே தவிர, முழுப் பதிலாகாது.

இக்குறைகளுக்கு அப்பாலும் அவர் செய்த மாற்றம் நிலைத்துவிட்டது. அவருக்கு முன் பேச்சுத் தமிழ், வானொலியில் ஏதேனும் ஒரு வேடம் போட்டுக்கொண்டுதான் வர முடிந்தது. படித்த ஒருவர், பதவியிலுள்ள ஒருவர், பொதுவான நேயரிடம் தம் சொந்தப் பேச்சில், தம் சொந்தப் பெயரில் அன்றாடம் பேசலாம் என்பதை ஓர் அரசு நிறுவனத்துக்குள்ளிருந்தே அவர் வழக்கமாக்கிக் காட்டினார். பின்வந்த பண்பலைத் தொகுப்பாளர்கள் அவருடைய நிதானத்தைப் பின்பற்றவில்லை. ஆனால் எழுதிவைத்த தாளின் மொழியிலிருந்து விலகிப் பேச அவர்களுக்குக் கிடைத்த உரிமை, உழவர் ஒலிபரப்பில் தொடங்கி 'இன்று ஒரு தகவல்' வழியாக நகரத்துக் காலை நேரத்தை அடைந்த நீண்ட பயணத்தின் விளைவே. சென்னையில் பண்பலை 1977-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கியதிலிருந்து, தனியார் நிலையங்கள் அந்த உரிமையை எவ்வாறு பயன்படுத்தின என்பதுவரை அடுத்த அத்தியாயம் ஆராயும்.

(தொடரும்)